மைலேஜ் உங்கள் காலில் இருக்கிறது: புதிதாகக் கார் ஓட்டுபவர்களுக்கு

போன வருடம் அக்கா மகன் தன் முதல் காரை வாங்கினான். 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின், ஐந்து கியர், சின்ன வண்டி. இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தவன், "மாமா, ஷோரூம்ல இருபத்திரண்டு தரும்னு சொன்னாங்க. எனக்குப் பன்னிரண்டு தாண்ட மாட்டேங்குது. வண்டியில ஏதோ கோளாறு" என்றான். சர்வீசுக்கு விடுவதற்கு முன்னால் ஒரு தடவை நீ ஓட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன் என்றேன்.

தாம்பரத்தில் ஏறி ஜி.எஸ்.டி. ரோட்டில் கிண்டி வரை போனோம். குரோம்பேட்டை வருவதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. முன்னால் 200 மீட்டர் தூரத்தில் சிக்னல் சிவப்பாக இருக்கிறது, எல்லா வண்டியும் நிற்கிறது, அது கண்ணுக்கும் தெரிகிறது. ஆனாலும் அவன் கால் ஆக்சிலரேட்டரில்தான் இருக்கிறது. கடைசி 30 மீட்டரில் பிரேக். பச்சை விழுந்ததும் மறுபடி அழுத்து, அடுத்த பஸ்ஸின் பின்னால் மறுபடி பிரேக். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. அவன் பெட்ரோலை எரித்து வேகம் சேர்க்கிறான், சேர்த்த வேகத்தைப் பிரேக் டிஸ்க்கில் சூடாக்கி வீசுகிறான். அவ்வளவுதான்.

அன்றைக்கு அவனுக்குச் சொன்னதையும், அதன் பிறகு சில மாதங்களில் சேர்ந்து பழகியதையும்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இது நல்ல நேரம். பழக்கம் இன்னும் இறுகவில்லை.

முதலில் அந்த 22 எங்கிருந்து வந்தது?

நம் நாட்டில் விற்கும் காருக்குச் சொல்லப்படும் மைலேஜ், சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை ஓட்டி எடுப்பது. புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி அமைப்பின் பெயரில் விளம்பரங்களில் வருவது இந்த எண்தான். பல வருடங்களாக நடந்துவரும் அந்தச் சோதனையில் வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டாது. ஏசி போடுவதில்லை. பள்ளம் இல்லை, மேடு இல்லை, குறுக்கே வரும் ஆட்டோ இல்லை. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் நல்லது. உங்கள் தெருவில் அதே எண் வர வேண்டும் என்று எதிர்பார்த்தால் வீணாக மனசு கஷ்டப்படும்.

இன்னொன்று. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் இந்த இ20 பெட்ரோலில் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையிலேயே, பழைய வகைக் கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் வரையும், இ20-க்காகச் சரிசெய்யப்பட்ட கார்களுக்கு 1 முதல் 2 சதவீதமும் குறையலாம் என்று போட்டிருந்தார்கள். ஆகவே ஐந்து வருடத்துக்கு முன் இதே மாடலில் ஒருவர் எடுத்த மைலேஜோடு உங்களுடையதை ஒப்பிடாதீர்கள். உங்கள் வண்டியை, போன மாதத்து உங்கள் வண்டியோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

படி 1: டேங்க் நிரப்பி அளக்கவும்

டேஷ்போர்டில் காட்டும் மைலேஜ் எண் ஒரு மதிப்பீடுதான். பல வண்டிகளில் அது உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். "500 ரூபாய்க்குப் போட்டேன், இத்தனை நாள் ஓடியது" என்பதும் கணக்கு இல்லை. ஃபுல் டேங்க் முதல் ஃபுல் டேங்க் வரை அளப்பதுதான் சரியான வழி.

பங்க்குக்குப் போய் டேங்க்கை நிரப்பச் சொல்லுங்கள். குழாய் தானாக 'டக்' என்று நின்றவுடன் போதும். அதற்கு மேல் ரவுண்டாக வரட்டும் என்று அமுக்கி அமுக்கிப் போட விடாதீர்கள். அளவும் கெடும், பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் பாகத்துக்குள் பெட்ரோல் போய் அதுவும் கெடும். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்கு வையுங்கள். வழக்கம்போல ஓட்டுங்கள். முக்கால் டேங்க் தீர்ந்ததும் முடிந்தால் அதே பங்க், அதே பம்ப், மறுபடி முதல் 'டக்' வரை.

இப்போது இரண்டாவது தடவை போட்ட லிட்டரால் ஓடிய தூரத்தை வகுக்க வேண்டும். 412 கிலோமீட்டர் ஓடி, 27.4 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 15.0. ஒரு டேங்க்கை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். குழாய் நிற்கும் இடம் அரை லிட்டர் முன்பின் ஆனாலே எண் மாறிவிடும். மூன்று டேங்க் சராசரி எடுத்தால் நம்பலாம். தேதி, கிலோமீட்டர், லிட்டர், ஊருக்குள் ஓட்டியதா ஹைவேயா என்று போனிலோ ஒரு சின்ன நோட்டிலோ எழுதி வையுங்கள். நான் கையுறை வைக்கும் பெட்டியில் ஒரு 40 பக்க நோட்டு வைத்திருக்கிறேன். இந்தப் பழக்கம் இல்லாமல் கீழே சொல்லும் எதையும் செய்து பார்ப்பதில் அர்த்தம் இல்லை. பலன் வந்ததா வரவில்லையா என்றே தெரியாது.

படி 2: பிரேக்கை எண்ணுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம். மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஆட்களோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள ஒரு கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். அந்த வேகத்துக்கு அதைக் கொண்டுவர என்ஜின் செலவழித்த பெட்ரோல் எவ்வளவு? ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் சக்தியில் சுமார் கால் பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும். மீதி சூடாகவும் புகையாகவும் போய்விடும். அப்படிக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 20 மில்லி வருகிறது. இருமல் மருந்து பாட்டிலின் 10 மில்லி மூடியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூடி.

நீங்கள் பிரேக்கை மிதித்து 60-லிருந்து பூஜ்யத்துக்கு வந்தால், அந்த இரண்டு மூடியையும் ரோட்டில் ஊற்றியதாக அர்த்தம். 40-லிருந்து நின்றால் ஒரு மூடிக்குச் சற்றுக் குறைவு. 80-லிருந்து நின்றால் மூன்றரை. 100-லிருந்து என்றால் ஐந்துக்கு மேல். வேகம் இரண்டு மடங்கானால் அதில் அடங்கிய சக்தி நான்கு மடங்கு ஆகிறது, அதனால்தான் இந்த ஏற்றம்.

தாம்பரத்திலிருந்து கிண்டிக்குள் அவன் 40-ஐ ஒட்டிய வேகத்திலிருந்து பிரேக் போட்டு நின்றதை நான் எண்ணினேன். 31 தடவை. கிட்டத்தட்ட 300 மில்லி. பிரேக் கட்டையாகத் தேய்ந்து போன பெட்ரோல் அது. அதில் பாதியை நிச்சயமாகத் தவிர்த்திருக்கலாம்.

எப்படித் தவிர்ப்பது? பார்வையை முன்னால் போகும் வண்டியின் பம்பரில் வைக்காமல், அதைத் தாண்டி நாலைந்து வண்டிக்கு அப்பால் வைக்க வேண்டும். அங்கே பிரேக் லைட் எரிந்தால் உங்கள் கால் ஆக்சிலரேட்டரை விட்டு வந்துவிட வேண்டும். சிக்னல் சிவப்பாகத் தெரிந்தால், எவ்வளவு தொலைவாக இருந்தாலும், அங்கேயே காலை எடுங்கள். வண்டி ஏற்கெனவே சேர்த்து வைத்த வேகத்தில் போய்ச் சேரட்டும். பல நேரம் நீங்கள் போய்ச் சேருவதற்குள் பச்சை விழுந்துவிடும். 15 கிலோமீட்டர் வேகத்தில் உருண்டுகொண்டிருக்கும் வண்டியை இரண்டாவது கியரில் அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம். அடியோடு நின்ற வண்டியை முதல் கியரிலிருந்து கிளப்புவதோடு ஒப்பிட்டால் இதற்குச் செலவு குறைவு.

பின்னால் வருபவர் ஹார்ன் அடிப்பார். அடிக்கட்டும். அதே சிக்னலில்தான் அவரும் நிற்கப் போகிறார்.

முன் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே மூன்று வினாடி இடைவெளி விடுங்கள். அது பாதுகாப்புக்காகச் சொல்லப்படுவது, உண்மைதான். மைலேஜுக்கும் அதுவே மருந்து. ஒட்டிக்கொண்டு போனால் முன் வண்டிக்காரர் போடும் ஒவ்வொரு பிரேக்கையும் நீங்களும் போட்டாக வேண்டும். இடைவெளி இருந்தால் அதில் பாதிப் பிரேக்கை, காலை லேசாகத் தூக்கியே சமாளிக்கலாம். நடுவில் ஒரு பைக் நுழையும். நுழைந்தால் மறுபடி இடைவெளி விடுங்கள்.

அமெரிக்க எரிசக்தித் துறையும் இதையே சொல்கிறது. அழுத்தி எடுத்து, வேகமாய்ப் போய், வெடுக்கென்று பிரேக் போடும் ஓட்டம், ஹைவேயில் 15 முதல் 30 சதவீதமும், நின்று நின்று போகும் நகர நெரிசலில் 10 முதல் 40 சதவீதமும் மைலேஜைக் குறைக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஊருக்குள் வேறு எந்த உபாயமும் இந்த அளவுக்குப் பலன் தராது.

கியரில் இருந்தபடியே காலை எடுங்கள், நியூட்ரல் வேண்டாம்

இந்த இடத்தில் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த ஒரு பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது. இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டு உருட்டு, பெட்ரோல் மிச்சம் என்பார்கள். கார்பரேட்டர் காலத்தில் அதற்கு ஒரு காரணம் இருந்தது. இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் அது தலைகீழ்.

கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்தால், சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது. இதை என்ஜினின் கம்ப்யூட்டர் உணர்ந்து, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை மூடிவிடும். ஒரு சொட்டு பெட்ரோல்கூடப் போகாது. ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு என்ஜின் சுற்றும் எண்ணிக்கை, நன்றாகக் குறைந்து, என்ஜின் நின்றுவிடுமோ என்ற நிலை வரும்போதுதான் மறுபடி திறக்கும். நியூட்ரலில் போட்டாலோ, என்ஜின் அணையாமல் இருக்க அது தானாகப் பெட்ரோல் எரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் டேஷ்போர்டில் உடனடி மைலேஜ் காட்டும் கோடு இருந்தால் கண்ணால் பார்க்கலாம். இன்னொரு நாள் பெருங்களத்தூர் மேம்பாலத்தில் இறங்கும்போது நான்காவது கியரில் அவனைக் காலை எடுக்கச் சொன்னேன். கோடு சரசரவென்று ஏறிக் கடைசிப் புள்ளியில் போய் நின்றது. "இப்ப என்ன எரியுது?" என்று கேட்டான். ஒன்றும் எரியவில்லை என்றேன். அதற்குப் பிறகு அவனுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கோட்டைக் கடைசியிலேயே வைத்திருக்க அவனே வழி தேடினான்.

மலைப்பாதையில் நியூட்ரல் என்பது உயிரோடு விளையாடுவது. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. அத்தனை வளைவையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலைக்கு வந்துவிடும். ஏறிய அதே கியரில் இறங்குங்கள், என்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பெட்ரோலும் போகாது. ஓடும் வண்டியில் என்ஜினை அணைப்பது இன்னும் மோசம். பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசையும் பவர் ஸ்டீயரிங்கும் போய்விடும். எந்த மைலேஜுக்காகவும் அதைச் செய்யாதீர்கள்.

படி 3: சீக்கிரம் மேல் கியர், ஆனால் திணற விடாமல்

புதிதாக ஓட்டுகிறவர்கள் இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே நெடுநேரம் இழுப்பார்கள். கியர் மாற்றும் பயம்தான் காரணம். என்ஜின் சத்தம் ஏறிக்கொண்டே போகிறது என்றால் பெட்ரோலும் போகிறது என்று பொருள்.

சமதளத்தில் பெட்ரோல் வண்டியை 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம்.-க்குள் அடுத்த கியருக்கு மாற்றலாம். டீசல் என்றால் 2,000-ஐ ஒட்டி. மேல்நோக்கி அம்புக்குறி காட்டும் வண்டியாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள், பெரும்பாலும் சரியாக இருக்கும். அதற்காக 30 கிலோமீட்டரில் ஐந்தாவது கியருக்குப் போய் வண்டி தடதடவென்று அதிர ஓட்டாதீர்கள். அப்படித் திணறினால் என்ஜினுக்கும் கேடு, மிதிக்கும் அளவும் கூடிவிடும். அதிர்வு தெரிந்தால் ஒரு கியர் இறக்குங்கள். காது பழகிவிட்டால் மீட்டரைப் பார்க்கவே வேண்டாம்.

கிளப்பும்போது மெதுவாக, ஆமை போல ஏற வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அவ்வளவு மெதுவும் தேவை இல்லை. ஆக்சிலரேட்டரைப் பாதிக்குக் கீழே நிதானமாக அழுத்தி, கியரைச் சீக்கிரம் ஏற்றி, வேண்டிய வேகம் வந்ததும் காலைத் தளர்த்திவிடுவது நல்லது.

கிளட்ச் மேல் காலை ஓய்வாக வைத்திருப்பதை இன்றே விட்டுவிடுங்கள். மேட்டில் நிற்கும்போது பாதிக் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து நிற்பதும் அப்படியே. ஹேண்ட் பிரேக் அதற்குத்தான் இருக்கிறது. கிளட்ச் தட்டு தேய்ந்தால் செலவு பெட்ரோலோடு முடியாது.

ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியர் உங்கள் கையில் இல்லை, கால் இருக்கிறது. ஏ.எம்.டி. வண்டியில் (சாதாரண கியர்பாக்ஸையே தானாக மாற்றிக்கொள்ளும் வகை) வேகம் வந்ததும் காலை ஒரு கணம் தளர்த்தினால் அது மேல் கியருக்குப் போய்விடும்.

படி 4: ஹைவேயில் ஒரு வேகத்தைப் பிடியுங்கள்

ஊருக்குள் எதிரி பிரேக். ஹைவேயில் எதிரி காற்று.

காற்றின் எதிர்ப்பு, வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-இல் போகும்போது இருப்பதைவிட 100-இல் ஒன்றரை மடங்குக்கு மேல், 110-இல் கிட்டத்தட்ட 1.9 மடங்கு. என் வண்டியில் 80, 85-இல் நிதானமாகப் போனால் 20-ஐத் தொடும். அதே ரோட்டில் 110-இல் போனால் 15-க்கு வந்துவிடுகிறது.

பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் பல ஆண்டுகளாக 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தைத்தான் சிக்கனமான வேகம் என்று சொல்லிவருகிறது. எண்ணாக அது சரி. நான்குவழிச் சாலையில் 50-இல் போகச் சொல்ல எனக்கு மனம் வராது. பின்னால் வரும் பஸ்ஸும் லாரியும் உங்களைச் சுற்றிப் போக வேண்டியிருக்கும், அது ஆபத்து. 80 முதல் 90 வரை, சாலையின் வேக வரம்புக்குள், இடப்பக்கத் தடத்தில் என்பது எனக்குப் பிடித்த அளவு.

நேரம் போய்விடுமே என்பார்கள். சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கிலோமீட்டர். நிற்காமல் 90-இல் போனால் 3 மணி 40 நிமிடம். 100-இல் போனால் 3 மணி 18 நிமிடம். காகிதத்தில் 22 நிமிட வித்தியாசம். வழியில் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று சுங்கச்சாவடிகளும் செங்கல்பட்டு நெரிசலும் அதில் பாதியைத் தின்றுவிடும். ஒரு டீ குடிக்கும் நேரம்தான் மிச்சம். அவசரம் என்றால் போங்கள். வழக்கமாக வேண்டாம்.

சுங்கச்சாவடி என்றதும் அந்த மூடிக் கணக்கு ஞாபகம் வர வேண்டும். 100-லிருந்து பிரேக் போட்டு வரிசையில் நின்றால் ஐந்து மூடிக்கு மேல் போயிற்று. 'சுங்கச்சாவடி 500 மீட்டர்' என்ற பலகை தெரிந்ததும், கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, காலை எடுத்துவிடுங்கள். வண்டி கியரிலேயே வேகம் குறைந்து போய்ச் சேரும்.

ஹைவேயில் புதியவர்கள் செய்யும் இன்னொன்று, 70, 95, 75, 100 என்று வேகத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே போவது. பாட்டுக் கேட்பதிலோ பேச்சிலோ கவனம் போனால் அப்படி ஆகும். வைத்த வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் குரூஸ் கண்ட்ரோல் இருந்தால் சமதளத்தில், வண்டி குறைவான நேரத்தில் போடுங்கள். ஏற்ற இறக்கம் உள்ள சாலையில் அதை நிறுத்திவிட்டு, ஏற்றத்தில் ஐந்து கிலோமீட்டர் குறைய விட்டு, இறக்கத்தில் தானாகச் சேர விடுங்கள்.

லாரியின் பின்னால் ஒட்டிப் போனால் காற்று மறைக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மறைக்கும், ஆனால் அதற்கு ஒட்ட வேண்டிய தூரத்தில், லாரி பிரேக் போட்டால் உங்களால் நிறுத்த முடியாது.

படி 5: நிற்கும்போது ஓடும் பெட்ரோல்

சும்மா நின்று ஓடும் சின்னப் பெட்ரோல் என்ஜின், மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். ஏசி ஓடினால் மேல் எல்லைப் பக்கம். 90 வினாடி சிக்னலில் அது ஒன்றரை, இரண்டு மூடி. அதாவது 60-லிருந்து பிரேக் போட்டு நிறுத்திய அதே இழப்பு, நின்றபடியே இன்னொரு தடவை.

மறுபடி ஸ்டார்ட் செய்ய ஆகும் பெட்ரோல், சுமார் 10 வினாடி சும்மா ஓடுவதற்குச் சமம். நான் அரை நிமிடத்துக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால் அணைக்கிறேன். வினாடி காட்டும் சிக்னல்களில் இது சுலபம். ரயில்வே கேட்டில் யோசிக்கவே வேண்டாம். பள்ளிக்கூட வாசலில் பிள்ளை வரும்வரை ஏசியோடு கால் மணி நேரம் நிற்பவர்கள், அந்தக் கால் மணியை எழுதிக்கூட்டினால் மாதத்தில் நான்கு, ஐந்து லிட்டர் வரை வரும். சித்திரை வெயிலில் குழந்தையோ வயதானவரோ உள்ளே இருந்தால் அணைக்காதீர்கள், அது வேறு கணக்கு.

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் சூடேற்றுவதும் தேவை இல்லை. அரை நிமிடம் போதும். முதல் இரண்டு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் அதுவாகச் சூடேறும். குளிர்ந்த என்ஜின்தான் அதிகம் குடிக்கும். அதனால் காலையில் கடைக்கு ஒரு தடவை, மத்தியானம் பேங்க்குக்கு ஒரு தடவை, சாயந்திரம் மளிகைக்கு ஒரு தடவை என்று ஆறிய வண்டியை மூன்று முறை எடுப்பதற்குப் பதில் ஒரே சுற்றில் முடியுங்கள். கால் கிலோமீட்டர் என்றால் நடந்துவிடலாம்.

ஏசி

நம் ஊரில் ஏசி போடாதே என்று சொல்வது நடக்காத காரியம். ஆனால் ஏசியின் வேலையைக் குறைக்கலாம். நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் நாலு கண்ணாடியையும் இறக்கி, அரை கிலோமீட்டர் ஓட்டி, உள்ளே இருக்கும் அனலை வெளியேற்றிவிட்டு ஏசி போடுங்கள். குளிர்ந்த பிறகு உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அழுத்துங்கள், வெளியே 40 டிகிரியில் இருக்கும் காற்றைக் குளிர்விப்பதைவிட உள்ளே 26-இல் இருப்பதைக் குளிர்விப்பது எளிது. ஊருக்குள் 40-க்குக் கீழே மெதுவாகப் போகும்போது, சாயங்கால நேரமாக இருந்தால், கண்ணாடியை இறக்கிக்கொள்ளலாம். ஹைவேயில் கண்ணாடியை இறக்கினால் காற்று எதிர்ப்பு கூடும், அங்கே ஏசியே மேல்.

படி 6: டயர், சுமை, சர்வீஸ்

டயர் காற்றுதான் இதில் முதல். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். பங்க்கில் காற்றடிப்பவர் "முப்பத்தஞ்சு வச்சிடவா சார்?" என்றால் சம்மதிக்காதீர்கள். ஸ்டிக்கரில் 32 என்றால் 32. காலையில், ஓட்டுவதற்கு முன், அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள் பார்க்க வேண்டும். வெயிலில் நீண்ட தூரம் ஓடிய டயரில் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைக் குறைத்தால் ஆறியபின் குறைவாகிவிடும். சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் எண். சின்னதுதான். ஆனால் 8, 10 குறைந்த டயரோடு மாதக்கணக்கில் ஓடும் வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதில் டயரும் ஓரத்தில் தேய்ந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள். நைட்ரஜனுக்குத் தனிக் காசு வேண்டாம், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

டிக்கியைத் திறந்து பாருங்கள். போன தடவை ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசி மூட்டை இன்னும் இருக்கிறதா? சுமார் 45 கிலோ கூடினால் ஒரு சதவீதம் போகும். மேலே கேரியர் கட்டியிருந்தால், தேவை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். எடையைவிட அது காற்றில் மோதும் இழப்பு பெரிது.

ஏர் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் போய்விடும் என்பது எல்லோரும் சொல்வது. இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டியில் அப்படி இல்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்தது. அடைத்த ஃபில்டரால் இழுவைதான் குறைந்தது, மைலேஜ் மாறவில்லை. கம்ப்யூட்டர் வரும் காற்றுக்குத் தகுந்தபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள், என்ஜினுக்கு அது வேண்டும். மைலேஜ் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள். என்ஜின் ஆயில் மட்டும் மேனுவலில் சொன்ன கிரேடுதான். மெல்லிய ஆயில் கேட்கும் வண்டிக்குக் கெட்டியான ஆயிலை ஊற்றினால் ஒன்றிரண்டு சதவீதம் போகும். மேனுவல் கேட்காத விலை கூடிய பெட்ரோலும் வேண்டாம்.

மைலேஜ் திடீரென்று விழுந்தால்

மூன்று டேங்க் எழுதி வைத்தவர்களுக்குத்தான் இது தெரியும். 15, 15.3, 14.8 என்று வந்துகொண்டிருந்தது திடீரென 12.5 ஆனால் உங்கள் கால் அவ்வளவு மாறியிருக்காது. ஏசி அதிகம் ஓடிய மாதமா, மழை நெரிசலா என்று முதலில் யோசியுங்கள். இல்லை என்றால் டயர் காற்று. அதுவும் சரி என்றால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கே நடந்தது. மைலேஜ் விழுந்ததும் ஒரு பட்டறையில் விட்டேன். இன்ஜெக்டர் சுத்தம் செய்ய வேண்டும் என்று 3,000 ரூபாய் வாங்கினார்கள். ஒன்றும் மாறவில்லை. ஒரு நாள் ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியபோது முன்பக்கம் இடது சக்கரத்திலிருந்து கருகிய வாடை. கையை அருகில் கொண்டுபோனால் அனல். மற்ற மூன்றும் சாதாரண வெதுவெதுப்பு. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பர் துருப்பிடித்து, காலை எடுத்த பிறகும் விடாமல் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. வாரக்கணக்கில் நான் பிரேக்கை மிதித்தபடியே ஓட்டியிருக்கிறேன். அதைப் பிரித்துச் சுத்தம் செய்து, கிரீஸ் வைத்துப் பூட்டிய பிறகு அடுத்த டேங்க்கிலேயே எண் திரும்பி வந்தது.

நீங்களே சோதிக்கலாம். பத்து கிலோமீட்டர், முடிந்தவரை பிரேக் போடாமல் ஓட்டி நிறுத்துங்கள். சக்கரத்தைத் தொடாமல், உள்ளங்கையை ஒரு சாண் தள்ளி வைத்து நாலு சக்கரமும் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அதைக் காட்டி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். சமதளத்தில் நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஒருவர் தள்ளினால் வண்டி நகர வேண்டும். நகரவில்லை என்றால் காரணம் அங்கேதான் இருக்கிறது.

அக்கா மகனின் நோட்டில் இப்போது ஒன்பது டேங்க் ஆகிவிட்டது. கடைசி மூன்றின் சராசரி 15.6. அதே தாம்பரம், அதே கிண்டி, அதே வண்டி. போன வாரம் அவனோடு போனபோது பழக்கத்தில் மறுபடி பிரேக்கை எண்ணினேன். 14.